ஐந்து நிமிடத் தூரம்

கோர்ட்டின் முதல் படியிலேயே குச்சி நின்றுவிட்டான். அவன் ஒரு குற்றமும் செய்யாதவன்தான். ஆனால் கருப்புக் கோட்டைக் கண்டால் போதும், எதையோ செய்துவிட்டு மறந்துபோய்விட்டோமோ என்று ஒரு சந்தேகம் வந்துவிடும். முப்பத்திரண்டு வயதாகியும் அது அவனைவிட்டுப் போகவில்லை.

"அக்கா, நான் கீழேயே நிக்கட்டுமா? ஸ்கூட்டருக்கு ஒரு காவல் வேணாமா?"

"அதைத் திருடுறவன் அரை மைல் தள்ளிப் பார்த்துட்டு அவனே திரும்பக் கொண்டாந்து விட்டுடுவான். ஏறுடா."

அக்கா என்று கூப்பிட்டாலும் ரத்த உறவு எதுவும் கிடையாது. 'டைப்பிஸ்ட்' என்றால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். பெரிய கோர்ட் ஒன்றில் பன்னிரண்டு வருடம் பிறருடைய பொய்களைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து அலுத்துப்போய், டயர் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். யோசிக்கும்போது மேஜை, சுவர், குச்சியின் முதுகு எது கிடைத்தாலும் அவள் விரல்கள் அதன்மேல் டைப் அடிக்கும். விரல்கள் நின்றால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். ஆறு வருட உத்தியோகத்தில் குச்சி கற்றுக்கொண்ட ஒரே துப்பறியும் வித்தை அந்த விரல்களைப் பார்ப்பதுதான்.

வந்த வேலை சின்ன வேலை. ஒரு விவாகரத்து வழக்கின் காகிதக் கட்டைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து ஒரு விலாசம் எடுக்க வேண்டும்.

முந்தாநாள் அலுவலகத்துக்கு ஒருவர் வந்து அழுதார். அவருடைய தங்கை புருஷனோடு வாழ முடியாமல் கைக்குழந்தையோடு... இல்லை, ஐந்து வயதுக் குழந்தை... யாரிடமும் சொல்லாமல் ஓடிவந்து, எங்கோ கிடக்கும் இந்தப் பட்டிக்காட்டு கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிட்டாளாம். "மச்சான் நல்லவன் இல்லைங்க, அவ போனது சரிதான். ஆனா பெத்த தாய் படுக்கையில கிடக்கிறாங்க. ஒரு தடவை அவ முகத்தைப் பார்க்கணும்னு கண்ணை மூடாம கிடக்கிறாங்க" என்றார். வழக்கு எண் எழுதிய ஒரு காகிதமும் கொடுத்தார். மச்சான் வீட்டுக் குப்பைக் கூடையில் கிடைத்ததாம். பழைய கல்யாணப் புகைப்படம் ஒன்றும் கொடுத்தார். அதில் தலைகுனிந்த ஒரு பெண்ணும் நிறையப் பூவும் இருந்தன, முகம்தான் இல்லை.

அன்றுமுதல் குச்சி அவருக்கு வைத்த பெயர் அண்ணன்காரர். இப்போது அவர் கோர்ட் வாசலில் மரத்தடியில் சாம்பல் நிறக் காரில் உட்கார்ந்திருக்கிறார். "கூடப்பிறந்தவர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா சுலபமா முடியும் சார்" என்று டைப்பிஸ்ட் காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். கோர்ட் என்றாலே தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். குச்சிக்கு அவர்மேல் பிரியம் வந்ததே அந்த இடத்தில்தான்.

பதிவறை மாடியில் இருந்தது. நீளமான அறை. கூரை முட்ட இரும்பு அலமாரிகள், அவற்றில் சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள். எத்தனையோ வீடுகள் உடைந்த கதை எல்லாம் எண் போட்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலோரம் ஒரு மேஜை. தூசிக்காக மூக்கும் வாயும் மறைய முகத்தில் துணி கட்டிய ஒரு பெண், கோணி ஊசி மாதிரி பெரிய ஊசியால் காகிதக் கட்டு ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தாள். குட்டையாக வெட்டிய முடி. அவர்களைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தாமலே, "என்ன வேணும்?" என்றாள்.

டைப்பிஸ்ட் எண்ணைச் சொன்னாள்.

ஊசி பாதியில் நின்றது. "அந்தக் கட்டு இல்லைங்க. கரையான் அரிச்சுடுச்சு."

"மூணு மாசத்துக்கு முந்தின தீர்ப்பும்மா. உங்க ஊர்க் கரையானுக்கு அவ்வளவு அவசரமா?" என்றான் குச்சி.

"எண் தப்பா இருக்கும்."

"இப்பதான் கரையான்னு சொன்னீங்க. எண் தப்புன்னா அது தின்னது வேற யாரோட விவாகரத்து?"

எதிர் அறையிலிருந்து தலைமை எழுத்தர் தலையை நீட்டினார். சட்டைப்பையில் நாலு பேனா குத்திய, விதியை விழுங்கி விதியையே வெளியே விடும் மனிதர். "அனுமதி போட்டாச்சும்மா. வெளியார் பார்க்கக்கூடிய ரெண்டு தாளை மட்டும் எடுத்துக் குடுங்க. விதி நாலு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. குச்சிக்கு அவளை எப்படியாவது இளக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. பாவம், படுக்கையில் ஒரு தாய் கண்ணை மூடாமல் கிடக்கிறாள். அவன் கைபேசியை எடுத்தான். "இதைக் கேளுங்கம்மா. நேத்து ராத்திரி எங்க கட்சிக்காரர் எனக்கு அனுப்பினாரு. அவரும் அந்தக் குழந்தையும் கண்ணாமூச்சி ஆடும்போது எடுத்ததாம். கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல."

அறையில் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. "சித்தப்பா... கதவைத் திறங்க சித்தப்பா... போதும்... நான் சமத்தா இருக்கேன்." பின்னால் ஓர் ஆணின் சிரிப்பு. அத்துடன் முடிந்தது.

"ஆ!" என்றாள் அந்தப் பெண். ஊசி அவள் கட்டைவிரலில் இறங்கியிருந்தது. வெள்ளைத் தாளில் ரத்தம் சொட்டியது.

"அய்யோ, பார்த்தும்மா!" குச்சி பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பாதி மூடியிருந்தாலும், அந்தக் கண்களில் இருந்தது சாதாரண வலி மாதிரி குச்சிக்குத் தெரியவில்லை.

"எடுத்துட்டு வரேன்" என்று வேறு ஏதோ குரலில் சொல்லிவிட்டு அலமாரிகளுக்கு நடுவே போனாள்.

குச்சி வெற்றியோடு திரும்பினான். டைப்பிஸ்ட்டின் விரல்கள் மேஜைமேல் அசையாமல் நின்றிருந்தன. நின்றால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் எந்த விஷயம்? இன்னும் கட்டே வரவில்லையே.

"இதை ஏன்டா எங்கிட்ட முன்னாடியே போட்டுக் காட்டல?" அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"காலையில சொல்ல வந்தேன் அக்கா. வண்டி ஓட்டும்போது பேசாதேன்னீங்க."

அவள் அலமாரிகள் பக்கம் பார்த்தாள்.

அந்தப் பெண் போனவள் போனவள்தான். ஒரு கட்டை எடுக்க இவ்வளவு நேரமா? அலமாரிக்குப் பின்னால் ஏதோ கிசுகிசுப்பு மாதிரி கேட்டது. எலியாக இருக்கும் என்று குச்சி தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். பத்து நிமிடம் கழித்து அவள் திரும்பிவந்து, ஒரு மெல்லிய கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

மேலே அரக்கு வைத்த உறை. 'மனுதாரரின் பெயர், விலாசம்: நீதிபதியின் உத்தரவுப்படி மறைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. அதன் கீழே தீர்ப்பின் முதல் தாள். எதிர்மனுதாரரான கணவர் ஒரு நாளும் ஆஜராகாததால் ஒருதலையாகத் தீர்ப்பு. எதிர்மனுதாரரோ அவருடைய உடன்பிறந்தாரோ மனுதாரரையும் குழந்தையையும் நெருங்கக் கூடாது என்று ஒரு தடை.

"நோட்டீஸை வாங்காம இருந்தா விவாகரத்தே நடக்காதுன்னு நினைச்சிருக்கான் பாருங்க அக்கா. கரண்ட் பில்லுக்கு நானும் அப்படித்தான் பண்ணினேன். புடுங்கிட்டுப் போயிட்டாங்க."

டைப்பிஸ்ட் சிரிக்கவில்லை. அடுத்த தாளைத் திருப்பினாள். தீர்ப்பு நகலை மனுதாரரிடம் நேரில் சேர்ப்பித்ததற்கு நோட்டீஸ்காரர் எழுதிய அறிக்கை. விலாசம் எழுதக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் அவர் விலாசம் எழுதவில்லை. ஆனால் மனிதர் படிவத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாத ரகம்.

'புறப்பட்ட நேரம்: பதினொன்று நாற்பது. மனுதாரரை, அவர் தைத்துக்கொண்டிருக்கையில் நேரில் கண்டு சேர்ப்பித்தேன். திரும்பிய நேரம்: பதினொன்று நாற்பத்தைந்து. சென்ற வாகனம்: இல்லை. தாமதத்துக்குக் காரணம்: இல்லை.'

குச்சி துள்ளினான். "அக்கா! தையல்காரம்மா! அஞ்சு நிமிஷ தூரம்! நடந்தே போயிருக்கான் மனுஷன்!"

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அண்ணன்காரர். அவன் தாழ்வாரத்துக்கு ஓடினான். உடம்பெல்லாம் சந்தோஷம். ஆறு வருடத்தில் முதல்முறையாக டைப்பிஸ்ட்டுக்கு முன்னால் அவனே துப்புத் துலக்கிவிட்டான்.

"கிடைச்சுதா?" என்றது குரல்.

"கிடைச்ச மாதிரிதான் சார்! தங்கச்சி தையல் வேலை பார்க்கிறாங்க. கோர்ட்டுக்குப் பக்கத்துலேயே, நடக்கிற தூரத்துல!"

மறுமுனை நன்றி சொல்லவில்லை. தொடர்பு அறுந்தது. ஜன்னல் வழியே பார்த்தான். சாம்பல் காரின் கதவு திறந்தது. அண்ணன்காரர் இறங்கி, கடைத்தெருவை நோக்கி நடந்தார். தாயைப் பற்றி அழுத அந்த ஆள் நடக்கிற நடை இப்படி இருக்காதே என்று குச்சிக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அப்படியே தள்ளிவிட்டு உள்ளே வந்தான்.

"சொல்லியாச்சு அக்கா. வேலை முடிஞ்சுது."

"என்ன சொன்னே?"

சொன்னான். டைப்பிஸ்ட்டின் முகம் இப்படி வெளிறியதை அவன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"குச்சி. உனக்கு ஒரு தங்கச்சி இருக்காள்ல. அவ பொண்ணு உன்னை எப்படிடா கூப்பிடும்?"

"மாமான்னு. இது என்ன கேள்வி? தாய்மாமன்னா மாமாதான்..." வாக்கியம் அங்கேயே நின்றது.

"அந்தக் குழந்தை அவனை எப்படிக் கூப்பிட்டுது?"

சித்தப்பா. கதவைத் திறங்க சித்தப்பா. முப்பது தடவை கேட்டிருப்பான். முப்பது தடவையும் குழந்தைக் குரலில் கரைந்துபோனானே தவிர, அந்த ஒரு வார்த்தை காதில் ஏறவே இல்லை. அம்மாவின் அண்ணனை எந்தக் குழந்தையும் சித்தப்பா என்று கூப்பிடாது. அப்பாவின் தம்பியைத்தான் கூப்பிடும்.

"புருஷனோட தம்பி" என்றாள் டைப்பிஸ்ட். "தங்கச்சி, மச்சான், பெத்த தாய்னு எல்லாத்தையும் சரியா மனப்பாடம் பண்ணிட்டு வந்தான். உன்னை இளக்குறதுக்கு மட்டும் ஒரு நிஜத்தை அனுப்பிட்டான். அது கண்ணாமூச்சி இல்லடா. குழந்தையைப் பூட்டி வச்சுட்டு எடுத்தது."

குச்சி ஜன்னலுக்கு ஓடிக் கீழே பார்த்தான். தன் வாயாலேயே, தன் கைபேசியிலேயே, வேட்டைக்காரனுக்கு வழி சொல்லியிருக்கிறான். "கடைத்தெருவுக்குப் போயிருக்கான் அக்கா. ஒவ்வொரு தையல் கடையா பார்ப்பான். ஓடலாம். முன்னாடி நாம போயிடலாம்."

"எங்க போறது? நோட்டீஸ்காரர் போனதும் வந்ததும் சேர்த்து அஞ்சு நிமிஷம். நடுவுல கையெழுத்து வாங்கியிருக்காரு. இந்த மாடிப்படி இறங்கி வாசலுக்குப் போய்த் திரும்பவே அஞ்சு நிமிஷம் ஆகும். அவர் கட்டிடத்தைவிட்டு வெளிய போகவே இல்ல." டைப்பிஸ்ட் மெதுவாகத் திரும்பினாள். "இந்தக் கட்டிடத்துல தைக்கிறது யாரு?"

சுவரோரம் நின்ற பெண்ணின் கையில் அந்தப் பெரிய ஊசி இருந்தது. அதை அவர்களை நோக்கி நீட்டிப் பிடித்திருந்தாள்.

"கிட்ட வராதீங்க" என்றாள். "நீங்க அவங்க ஆளுங்க. நான் கத்துவேன்."

"கத்தாதீங்கம்மா. நாங்க முட்டாளுங்க, அவ்வளவுதான்" என்றான் குச்சி. அவன் சொன்னதிலேயே மிக உண்மையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். கண்ணில் நீர் முட்டியது. "என்னை மன்னிச்சுக்கங்க. நான் அவன்கிட்ட தையல்னு சொல்லிட்டேன். ஆனா கோர்ட்டுக்குள்ளன்னு சொல்லல. அவனுக்கு இன்னும் தெரியாது."

அவள் துணியை இறக்கினாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். "பத்து நாள் எங்க ரெண்டு பேரையும் தனித்தனி அறையில பூட்டி வச்சாங்க. என் புருஷன் சொல்லுவாரு, அவன் செய்வான். குழந்தை அழறதை எடுத்து என் அறை வாசல்ல வந்து போட்டுக் காட்டுவான். இன்னிக்குத்தான் திரும்பக் கேக்கிறேன்." மூச்சு வாங்கியது. "நீதிபதி அம்மாதான் இங்க வேலை குடுத்தாங்க. அவங்களுக்கும் நோட்டீஸ்காரருக்கும் தவிர நான்தான் அந்தக் கட்டுல இருக்கிறவன்னு யாருக்கும் தெரியாது. நீதிபதி அம்மா இன்னிக்கு விடுப்பு. பள்ளிக்கூடமும் விடுமுறை."

கடைசி வார்த்தைகள் எதற்கு என்று குச்சிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. அலமாரிக்குப் பின்னால் கேட்டது எலி இல்லை.

அதே நேரத்தில் கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, கனமான சத்தம். அந்தப் பட்டிக்காட்டுக் கடைத்தெருவில் அதற்குள் தேடி முடித்துவிட்டுத் திரும்புகிறான்.

"தப்பிக்க வேற வழி இருக்கா?"

"ஒரே படிதான்."

"போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துடலாம் அக்கா! எதிர் ரூம்ல கோர்ட் காவலர் இருக்காரு."

"என்னன்னு சொல்லி? 'வழி தெரியாம வந்துட்டேங்க'ன்னு கும்பிட்டுட்டுப் போயிடுவான். நாளைக்கு வேற வழியா வருவான். இவன் சொல்ற பொய்யை இவன் கையாலேயே எழுதி வாங்கணும்." டைப்பிஸ்ட் ஒரு விண்ணப்பத் தாளை எடுத்தாள். "எல்லாரும் பின்னாடி போங்க. மூச்சு விடாதீங்க. குச்சி, குழந்தையைப் பார்த்துக்கோ."

கடைசி அலமாரிக்குப் பின்னால் பழைய கட்டுகளின்மேல் ஒரு சிறுமி உட்கார்ந்து, கழித்துப்போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். கதவில்லாத வீடு. அம்மா அவள் பக்கத்தில் மண்டியிட்டு, உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். குச்சி குழந்தையை மடியில் இழுத்து, மெதுவாக அதன் வாயைப் பொத்தினான். தன் நெஞ்சு அடிக்கிற அடியில் இரும்பு அலமாரியே அதிர்வதாக அவனுக்குப் பட்டது.

கட்டுகளின் இடுக்கு வழியே அறையின் முன்பக்கம் தெரிந்தது. வாசலில் அண்ணன்காரர். முந்தாநாள் அழுத கண்கள் இப்போது அறையை மூலைமூலையாக அளந்தன.

"எந்தத் தையல் கடையிலயும் இல்ல. என்ன விளையாடுறீங்களா?"

"தப்பு எங்க பக்கம்தான் சார்." டைப்பிஸ்ட்டின் குரலில் ஒரு பிசிறு இல்லை. "என் ஆளு அவசரக்குடுக்கை. ஆனா நல்ல சேதி. விலாசம் இந்த உறைக்குள்ள இருக்கு. ரத்த உறவு ஒரு கையெழுத்துப் போட்டா இங்கேயே பிரிச்சுக் குடுத்துடுவாங்க. அம்மா உசிரு காத்திருக்குமா சார்?"

அவர் உறையைப் பார்த்தார். கையெட்டும் தூரம். காலையிலிருந்து கோர்ட் வாசலையே மிதிக்க மாட்டேன் என்றவர், பேனாவை எடுத்தார்.

டைப்பிஸ்ட் எதிர் அறையிலிருந்து தலைமை எழுத்தரையும் காவலரையும் சாட்சிக்கு அழைத்தாள். தலைமை எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "விதி ஒன்பது. மனுதாரருக்கு உறவுமுறை என்னன்னு தெளிவா எழுதுங்க" என்றார்.

எழுதும் சத்தம் குச்சிக்குக் கேட்டது. 'உடன்பிறந்த அண்ணன்.' கையெழுத்து. தேதி.

"சரி, குடுங்க உறையை" என்றார் அண்ணன்காரர்.

"விதிப்படி குடுக்க வேண்டியதுதான்" என்று தலைமை எழுத்தர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று டைப்பிஸ்ட் அவரைத் தடுத்தாள். "அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணைக் கேக்கணும்." அந்த ஒலியைப் போட்டுக் காட்ட, அவள் கை குச்சியின் கைபேசியைத் தேடி மேஜைமேல் துழாவியது. அங்கே இல்லை.

அது குச்சியின் சட்டைப்பையில் இருந்தது.

குச்சிக்கு உலகமே நின்றுபோயிற்று. எழுந்து நாலு எட்டு வைத்து, கைபேசியைக் கொடுத்தால் போதும். ஆனால் எழுந்தால் அலமாரிக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியும். எழாவிட்டால் உறை பிரியும். கத்தரிக்கோல் அரக்கின்மேல் பட்டது. எழுந்திருடா, எழுந்திருடா என்று தன்னையே கெஞ்சிக்கொண்டான்.

"என்னத்தைக் கேக்கணும்? நேரமாகுது!" அண்ணன்காரரின் குரல் உயர்ந்தது.

அந்தக் குரலைக் கேட்டதும் மடியில் இருந்த குழந்தையின் உடம்பு விறைத்தது. அடுத்த நொடி குச்சியின் விரலில் அத்தனை பல்லும் இறங்கியது. வலியில் கையை உதறினான்.

"அம்மா! சித்தப்பாம்மா! சித்தப்பா வந்துட்டாரு! ஒளிஞ்சுக்கோம்மா!"

எது நடக்கக் கூடாது என்று பயந்தானோ அது நடந்துவிட்டது. அம்மா குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். குச்சி என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எழுந்து, இரண்டு பேருக்கும் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். தன் உடம்பின் அகலத்துக்கு அது பெரிய மறைப்பு ஒன்றும் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

அண்ணன்காரர் அலமாரியை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

"நில்லுங்க" என்றார் தலைமை எழுத்தர். சத்தம் போடவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, விண்ணப்பத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "உடன்பிறந்த அண்ணன்னு எழுதியிருக்கீங்க. அப்ப குழந்தைக்கு நீங்க மாமா முறை. சித்தப்பா எப்படி ஆனீங்க?"

"குழந்தை... சும்மா பழக்கத்துல..."

"முறை தப்பிக் கூப்பிடுற குழந்தை ஒளிஞ்சுக்கச் சொல்லாதே." அவர் தீர்ப்பின் முதல் தாளை எடுத்து, தடை இருக்கும் வரியில் விரலை வைத்தார். "எதிர்மனுதாரரின் உடன்பிறந்தாரும் நெருங்கக் கூடாது. நெருங்கினது மட்டும் இல்லாம, பொய்யும் எழுதி என் முன்னாலயே கையெழுத்தும் போட்டிருக்கீங்க. காவலரே, கதவைச் சாத்துங்க."

கதவு சாத்தப்பட்டது. அண்ணன்காரர், இல்லை, சித்தப்பாக்காரர், முதலில் கத்தினார். பிறகு கைபேசியை எடுத்தார், காவலர் அதை வாங்கிக்கொண்டார். பிறகு அழவும் முயன்றார். அந்த அழுகையை முந்தாநாளே பார்த்துவிட்டதால் டைப்பிஸ்ட்டும் குச்சியும் இளகவில்லை. காவலர் அவரைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போகும்வரை குச்சி விரித்த கையை மடக்கவே இல்லை.

"போதும்டா, இறக்கு" என்றாள் டைப்பிஸ்ட். "பொம்மை மாதிரி நிக்கிற."

"பயத்துல இறக்க வரல அக்கா."

"எனக்கும்தான்டா" என்றாள் அவள். அப்போதுதான் அவன் பார்த்தான். அவள் விரல்கள் மேஜைமேல் ஏதோ அடித்துக்கொண்டிருந்தன. யோசனை இல்லை, வெறும் நடுக்கம்.

அலமாரிகளுக்கு நடுவிலிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். முகத்தில் துணி இல்லை. தலைமை எழுத்தர் அவளையும் கட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு விதி எதுவும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் அந்த விண்ணப்பத்தை அவளிடம் நீட்டினார்.

"இதைக் கட்டுல சேர்க்கணும்மா" என்றார்.

அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டைவிரலில் இன்னும் ரத்தம் காயவில்லை. தன்னுடைய விவாகரத்துக் கட்டை விரித்து, அவன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கடைசியாக வைத்து, ஊசியைக் குத்தி இழுத்தாள். முதல் தையல் கோணலாகப் போயிற்று. இரண்டாவது நேராக விழுந்தது. மூன்றாவது முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

குழந்தை குச்சியின் பக்கத்தில் வந்து நின்று, பல் பதிந்த விரலைப் பார்த்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சமா."

"நீங்க யாரு?"

குச்சி விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வழி காட்டிக்கொடுத்தவன் என்று சொல்வதா?

மேஜையிலிருந்து தலையைத் தூக்கி, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே" என்றாள் குச்சியைப் பார்த்து, "அந்த ஒலியை உங்க போன்லேர்ந்து அழிச்சுடுங்க."

"அதுவும் சாட்சிம்மா. ஒரு பிரதி போலீஸ்கிட்ட குடுத்துட்டு அந்த நிமிஷமே அழிச்சுடறேன்" என்றான். பிறகு குழந்தையிடம் குனிந்தான். "அம்மா என்னை அண்ணேன்னாங்க இல்ல? அப்ப நான் உனக்கு மாமா."

குழந்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா மறுக்கவில்லை. அது காகிதத்தை எடுத்துவந்து, குச்சியின் கையில் பென்சிலைக் கொடுத்தது.

"மாமா, இதுக்கு ஒரு கதவு போடுங்க" என்றது. "தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கணும்."